கோவையில் படம் பார்க்கப் போன நாள்கள்

வியாழன்

ஈரோட்டில் இருப்பவர் கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்று சொன்னால், மில் வேலையாகவா, ஆஸ்பத்திரிக்கா, இல்லை கல்யாணத்துக்குத் துணி எடுக்கவா என்று கேட்பார்கள். ஓவியங்களும் புகைப்படங்களும் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெரியவர், "அதுக்கு மெட்ராஸ் போகோணும்ங்களே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தைப் போலவோ சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் போலவோ பெயர்பெற்ற இடம் ஒன்றும் கொங்கு நாட்டில் இல்லை. ஆனால் இங்கே படங்கள் வேறொரு வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1888இல் நூற்பாலையைத் தொடங்கியதற்கும், 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதற்கும் இடைப்பட்ட காலத்தில், இயந்திரங்களோடு பழகிய மனிதர்களே இந்த ஊரில் படம் காட்டுவதையும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையின் முதல் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவையில் பிறந்து திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர், 1905இல் தூப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914இல் சொந்த ஊரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே அழைக்கப்படுகிறது. மாலையில் அதன் வழியாக நடந்தேன். மின்சாதனக் கடைகள், சரக்கு இறக்கும் வண்டிகள், தேநீர்க் கடைகள் ஆகியவற்றுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. தெருவின் பெயர் எப்படி வந்தது என்று இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர், "வெரைட்டி வெரைட்டியா கடை இருக்குதுங்கள்ல, அதனாலங்க" என்று நம்பிக்கையோடு பதில் சொன்னார்.

வெள்ளி

இன்று சித்தப்பாவை அழைத்துக்கொண்டு அவினாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குச் சென்றேன். சித்தப்பா ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவியம் என்றால் அவருக்குக் காலண்டர் முருகன்தான். ஆனால் இந்த வளாகத்தில் கலைக்கூடத்தோடு நெசவு அருங்காட்சியகமும் சேர்ந்தே இருப்பதைச் சொன்னதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவை வழிநடத்திய கஸ்தூரி சீனிவாசன் இலக்கியத்திலும் ஈடுபாடு கொண்டவர். அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை நடத்தும் இடத்தில் தறியும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது, அவரது வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இயல்பாகவே தோன்றும்.

முதலில் ஓவியங்களைப் பார்த்தோம். நான் படத்துக்குப் படம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்து முடித்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். ஆனால் திரும்பி வரும்போது ஒரு நீர்வண்ண ஓவியத்தின் முன்னால் அவரே நின்றார். மழைக்கு முந்தைய வானமும் ஓட்டு வீடுகளும் வரையப்பட்டிருந்த படம் அது. "இந்த நெறம் மட்டும் வெளுத்திருக்குதே கண்ணு, அந்தப் பக்கத்துப் படம் அப்படியே இருக்குதே, ஏன்?" என்று கேட்டார். இது நல்ல கேள்வி. எண்ணெய் வண்ணத்தில் நிறமிகளை எண்ணெய் பொதிந்து காக்கிறது. நீர்வண்ணத்திலோ மெல்லிய நிறமி தாளின் மேல் நேராக ஒட்டியிருக்கிறது, அதனால் வெளிச்சம் அதை எளிதில் தின்றுவிடும். அருங்காட்சியகங்களில் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை ஒளி அனுமதிக்கிறார்கள் என்றால், நீர்வண்ண ஓவியத்துக்கும் பழைய புகைப்படத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பது வழக்கம். 50 லக்ஸ் என்பது நம் வீட்டு முன்னறையின் மாலை நேர வெளிச்சத்தைவிடவும் மங்கலானது. கலைக்கூடங்களில் நுழைந்ததும் "என்ன இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறார்கள்" என்று நாம் குறைபட்டுக்கொள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

நெசவுப் பகுதியில் நிலைமை தலைகீழானது. ராட்டை, கைத்தறி, ஆலைக் காலத்துக் கருவிகள் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் சித்தப்பாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. புளோ ரூமில் பஞ்சு உடைந்து, கார்டிங்கில் சீவப்பட்டு, டிராயிங்கில் நேராகி, சிம்ப்ளெக்ஸில் லேசாக முறுக்கேறி, கடைசியில் ரிங் ஃபிரேமில் நூலாக இறங்கும் பாதையை, அங்கே இல்லாத இயந்திரங்களையும் கையால் காற்றில் வரைந்து காட்டி, எனக்கும் பின்னால் வந்த இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் அவர் விளக்கினார். ஓவியத்தின் முன்னால் வாய் திறக்காத ஒருவர் நூல் நூற்கும் கதிரின் முன்னால் ஆசிரியராகிவிடுவதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஓர் இயந்திரத்தைப் பார்த்தால் அது யார் செய்தது, எந்த ஆண்டினது, என்ன வேகத்தில் ஓடும் என்று கேட்பதற்கு இந்த ஊர் நமக்குப் பழக்கியிருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. யார் எடுத்தது, எந்த ஆண்டு, எந்தத் தாளில், எத்தனை பிரதிகள் என்று கேட்டால் அதை ஏதோ நிபுணர்களின் வீண் ஆராய்ச்சியாக நினைக்கிறோம்.

சனி

நேற்று எழுதிய அந்த எண்ணத்துக்கு இன்றே சோதனை வந்தது. நகரின் ஒரு கல்லூரி அரங்கில் நொய்யல் ஆற்றைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி நடப்பதாக நண்பர் சொன்னதால் காலையிலேயே சென்றுவிட்டேன். படம் எடுத்தவர்கள் பல பேர், எல்லாரும் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆற்றின் போக்கிலேயே படங்களைத் தொங்கவிட்டிருந்தது நல்ல யோசனை. வெள்ளியங்கிரி மலைச்சரிவின் ஓடைகளில் தொடங்கி, சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்கால் பிரிவது, பேரூர்ப் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுப்போர், நகரத்துக் குளங்களின் ஆகாயத்தாமரை, சூலூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம், கொடுமணல் என்று சுவரோடு நடந்தால், கடைசிச் சுவரில் ஆறு காவிரியில் கலந்துவிடுகிறது.

பேரூர்ப் படங்களில் ஒன்று மிக நன்றாக இருந்தது. மழித்த தலையோடு ஓர் இளைஞர் முழங்கால் நீரில் நிற்கிறார். அவர் விட்ட பிண்டத்தை நோக்கிக் காகம் ஒன்று இறங்குகிறது. அவரோ அதைப் பார்க்காமல், கரையில் யாரோ அழைத்த திசையில் திரும்பியிருக்கிறார். சடங்கு முடிந்து அன்றாடம் மறுபடியும் தொடங்கும் நொடி அது. இப்படிப்பட்ட படம் காத்திருந்து கிடைப்பது, கேமராவின் விலையால் கிடைப்பதன்று. மாறாக, நீரை நீண்ட நேரம் பதிவு செய்து பால்போல வெளுப்பாக்கிய அருவிப் படங்கள் நான்கைந்து இருந்தன. அவற்றை எந்த மலையில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், எனவே அவற்றை வேகமாகக் கடந்தேன்.

என்னை நிறுத்தியது திருப்பூர்ச் சுவர். கருஞ்சிவப்பு நிறத்தில் ஓடும் ஆறு, பாலத்துக்குக் கீழே ஆளுயர நுரை, கரையோரத் தென்னையில் காய்ந்து தொங்கும் மட்டைகள். படங்களுக்குக் கீழே "நொய்யல், திருப்பூர்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை. பார்ப்பவருக்கு ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். திருப்பூரைப் பொறுத்தவரை ஆண்டு இல்லாவிட்டால் படமே பாதிதான். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதும், கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டோடு பட்டறைகள் இயங்கத் தொடங்கியதும் இந்தப் பக்கத்தில் பலரும் அறிந்த வரலாறு. ஆகவே, சிவப்பாக ஓடும் ஆற்றின் படம் 2011க்கு முன்னால் எடுத்தது என்றால், அது முடிந்துபோன ஒரு காலத்தின் சாட்சி. 2011க்குப் பின்னால் எடுத்தது என்றால், அது இன்றைக்கு யாரோ ஒருவர் மீது வைக்கும் குற்றச்சாட்டு. இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் தொங்கவிடுவது ஆற்றுக்கும் நியாயமன்று, சாயப்பட்டறைக்காரர்களுக்கும் நியாயமன்று.

அங்கே பொறுப்பாக நின்றுகொண்டிருந்த மாணவியிடம், "இது எந்த வருசம் எடுத்ததுங்க அம்மிணி?" என்று கேட்டேன். "தெரியலைங்க சார், கேட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லி, படம் எடுத்தவரையே தொலைபேசியில் அழைத்துவிட்டார். நுரைப் படம் ஃபிலிம் காலத்தில் எடுத்தது, பிறகு ஸ்கேன் செய்து அச்சிட்டது, கருஞ்சிவப்புப் படம் அதற்கு வெகுகாலம் கழித்து எடுத்தது என்று பதில் வந்தது. அந்தப் பெண் உடனே பென்சிலை எடுத்து இரண்டு அட்டைகளிலும் ஆண்டுகளை எழுதிச் சேர்த்தார். இத்தனைக்கும் அவர் படிப்பது கணினி அறிவியல்.

இதில் எனக்கிருக்கும் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களைப் படமெடுத்ததோடு, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையையும் பிற இடங்களையும் எடுத்து 1858இல் தனித் தொகுதியாக வெளியிட்டார். மெழுகிட்ட தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்திய காலம் அது. அந்தத் தாள் நீல வானத்தைச் சரியாகப் பதிவு செய்யாது, வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் அவர் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். மேகத்தில் இத்தனை தாராளமாக நடந்துகொண்ட மனிதர், இடத்தின் பெயரில் தாராளம் காட்டவில்லை. அவருடைய தொகுதிகளில் படங்களுக்குத் தலைப்புகள் அச்சாகியிருக்கின்றன. அதனால்தான் இன்றைக்கும் ராயக்கோட்டைப் பாறையடியில் போய் நின்று, எது மாறியது எது மாறவில்லை என்று ஒருவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இன்னொரு குறை, கண்ணாடி. எதிர்ப்புறம் பெரிய ஜன்னல்கள் திறந்திருந்ததால் கறுப்பு மிகுந்த படங்களில் எல்லாம் என் முகமும் வெளியே நின்ற இருசக்கர வாகனங்களும்தான் தெரிந்தன. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் நிலைக்கு மேலே மாட்டியிருக்கும் படங்கள் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து, கயிற்றில் தொங்கும். கீழே நிற்பவருக்கு எதிரொளி விழாமலிருக்க அது நல்ல வழி. சட்டத்தின் பின்புறத்தில் கொக்கியைச் சற்றுக் கீழே இறக்கி அடித்தால் தானாகவே சாய்ந்துகொள்ளும். புதிய அரங்குகளில் எல்லாப் படங்களும் சுவரோடு சுவராக ஒட்டித்தான் இருக்கின்றன. ஜன்னலுக்குத் திரை போடலாம், இல்லையேல் அப்புச்சியின் கொக்கியைக் கடன் வாங்கலாம்.

ஞாயிறு

உக்கடம். குடியிருப்பு வாரியத்தின் அடுக்குமாடிச் சுவர்களில் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து வரையச் செய்த பெரிய சுவரோவியங்கள் இங்கே உள்ளன. நுழைவுச்சீட்டு கிடையாது, மூடும் நேரமும் கிடையாது. வெள்ளிக்கிழமை பேசிய லக்ஸ் கணக்கை வைத்துப் பார்த்தால், கோவையின் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டக்கூடியது. ஆகவே இந்தப் படங்கள் நிலைத்து நிற்க வரையப்பட்டவை அல்ல. மழைநீர் வடியும் குழாய்களின் ஓரத்தில் இப்போதே நிறம் உரியத் தொடங்கியிருக்கிறது.

இவற்றைப் புகைப்படங்களில் பார்த்தபோது எனக்குப் பெரிய மரியாதை எழவில்லை. வறுமையின் மேல் வண்ணம் பூசுவது எளிது என்ற ஐயம் இருந்தது. நேரில் பார்த்தபின் அந்த ஐயம் முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் கொஞ்சம் இளகியது. காரணம், கீழே பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா. "முன்னெல்லாம் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லி மாளாதுங்க. எல்லா பிளாக்கும் ஒண்ணு போலத்தானே இருக்கும்? இப்ப இன்ன படம் போட்ட பிளாக்குன்னு சொன்னாப் போதுங்க, நேரா வந்து நிக்கறாங்க" என்றார். படம் நன்றாயிருக்கிறதா என்று கேட்டதற்கு, "மொகம் நல்லா இருக்குதுங்க, கையிதான் கொஞ்சம் பெருசா போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, மாடி ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த தம் வீட்டுப் போர்வையைக் காட்டினார். அது ஓவியத்தின் காதருகே தொங்கிக்கொண்டிருந்தது. கை அளவைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று பெரியகுளக் கரைப் பக்கம் நடந்து திரும்பிப் பார்த்தபோது ஒப்புக்கொண்டேன். அத்தனை உயரமான சுவரில், கீழிருந்து பார்ப்பவருக்கு உருவத்தின் மேல்பகுதி சுருங்கியும் கீழ்ப்பகுதி பெருத்தும் தெரியும். அதை முன்கூட்டியே ஈடுகட்டி வரைய வேண்டும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களில் மேல்நிலை உருவங்களின் தலையைச் சற்றுப் பெரிதாக்கி முன்சாய்த்துச் செய்யும் கைப்பழக்கம் இதற்காகத்தான்.

திங்கள்

கண்காட்சி அரங்குகள் பலவற்றுக்கு இன்று விடுமுறை. சித்தப்பா வீட்டில் கம்மஞ்சோறும் தயிரும் சாப்பிட்டுவிட்டு, எடுத்த குறிப்புகளைச் சரிபார்த்தேன். இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

செவ்வாய்

காலையில் மறுபடியும் அவினாசி சாலை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் புதிய மேம்பாலத்துக்கே ஜி.டி. நாயுடுவின் பெயர் இருக்கிறது. அதன் நிழலில் அவர் பெயரால் இயங்கும் காட்சிக்கூடங்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கி, 1937இல் இந்தியாவின் தொடக்ககால மின்மோட்டார்களில் ஒன்று இந்த ஊரில் உருவாகக் காரணமானவர்களில் ஒருவராக விளங்கிய அவரை எல்லாரும் விஞ்ஞானியாக அறிவார்கள். கேமரா பிரியராக அறிந்தவர்கள் குறைவு. 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவர் படம்பிடித்ததை அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஃபிலிம் கேமராவில் தொலைவைச் சரிசெய்யும் கருவியொன்றும் அவர் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் உண்டு. பக்கத்திலுள்ள கார் அருங்காட்சியகத்தில் குழந்தைகளின் கூட்டம் அலைமோதியது. நான் இயந்திரங்களின் பெயர்ப்பலகைகளைத்தான் அதிகம் படித்தேன். செய்த நாடு, ஆண்டு, திறன் என்று ஒரு வண்டியைப் பற்றி எத்தனை அக்கறையாகச் சொல்லலாமோ அத்தனை அக்கறை! புகைப்படக் கண்காட்சி நடத்துபவர்கள் ஒரு முறை இங்கே வந்து போக வேண்டும்.

பிற்பகலில் பெரியகடை வீதிக்கு அருகே ஒரு சந்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குச் சென்றேன். சொந்தப் படங்கள் சிலவற்றுக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், தந்தையிடமிருந்து தொழில் கற்றவர். பழைய படங்கள் பழுப்பதற்குப் பெரும்பாலும் படம் காரணமல்ல, பின்னால் வைக்கும் மலிவான வைக்கோல் அட்டைதான் காரணம் என்று விளக்கினார். அந்த அட்டையிலுள்ள அமிலம் தாளுக்குள் இறங்கிப் படத்தை அரிக்கும். அமிலமில்லாத அட்டை கேட்பவர்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்களாம். கண்ணாடியில் படம் நேராகப் பட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுவில் மவுண்ட் என்னும் அட்டை விளிம்பு வைப்பது அழகுக்காக மட்டுமன்று என்றும் சொன்னார்.

பேச்சுவாக்கில், பிரிக்க வந்திருந்த ஒரு பழைய சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். கையால் வண்ணம் தீட்டிய தம்பதியர் படம். பின் அட்டையில் கோபிச்செட்டிபாளையத்து ஸ்டுடியோ ஒன்றின் முத்திரையும் நெகட்டிவ் எண்ணும் இருந்தன. மறுபிரதி வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பதற்காக ஸ்டுடியோக்காரர்கள் அப்படி எழுதுவார்கள். "முன்னெல்லாம் இந்த அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டுப் புது அட்டை வெப்பமுங்க. இப்ப முத்திரைய மட்டும் வெட்டிப் புது அட்டையில ஒட்டிக் குடுத்துடறனுங்க" என்றார். அந்த எண்ணுக்குரிய நெகட்டிவ் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அந்தக் காலத்து நெகட்டிவ்கள் கண்ணாடித் தகடுகள். ஸ்டுடியோக்களை மூடும்போது அவற்றைப் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டார்கள் என்றும், சட்டம் போடும் கடைக்காரர்களே அவற்றை வாங்கினார்கள் என்றும், வெந்நீரில் ஊறவைத்து, மேலே இருக்கும் உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியையே சிறிய சாமி படங்களுக்குப் போட்டதாகவும், பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் சுரண்டுவதுதான் சிறுவயதில் தமக்கு வேலை என்றும் அவர் கூறினார்.

"எத்தனை மொகத்தச் சொரண்டியிருப்பனோ, கணக்கே இல்லைங்க. ஆனா கண்ணாடி என்னமோ நல்ல கண்ணாடிங்க, அது மாதிரி இப்பக் கெடைக்கறதில்லை" என்று சொல்லியபடியே என் படங்களுக்கு அளவெடுத்தார். நான் ஒவ்வொன்றின் பின்னாலும் இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டு, மவுண்ட் வெள்ளையா, மங்கிய மஞ்சளா என்று அவரோடு பேரம் பேசத் தொடங்கினேன்.